நாங்கள் உலகம் சுற்றத் திட்டம் போட்ட வருசம்

எங்கள் வீட்டு ஹோலின் சீமெந்து நிலத்தில் ஏறக்குறைய ஒரு வருசம் உலகம் கிடந்தது. வெள்ளைச் சோக்கால் கீறிய உலகம். வடக்கு உண்மையான வடக்கிலேயே இருக்கவேண்டும் என்று கீறியவர் பிடிவாதமாக நின்றபடியால், வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு முதற்காலை வைப்பது அவுஸ்திரேலியாவில். குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போகிறவர் சுவீடனைத் தாண்டித்தான் போகவேண்டும். கனடாவில் பாதி அலுமாரிக்குக் கீழே போய்விட்டது. வேலையால் வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேனென்றால், “அப்பா, காலை எடுங்கோ, இந்து சமுத்திரத்தைக் கலக்கிறியள்” என்று மகள் கத்துவாள்.

கீறியவர் என் மனைவியின் தம்பி. நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிற உத்தியோகம். கலியாணம் முடிக்கவில்லை. சாப்பாடு, படுக்கை எல்லாம் எங்களோடுதான். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை அத்தான் என்பார். பகிடிக்காரன், நல்ல மனம், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அந்த வருசம் அவர் பிடித்தது காட்டோட்டம்.

அது வந்த வழியைச் சொல்லவேண்டும். வெளிநாட்டுக்குப் போய்வர இருந்த கெடுபிடிகள் கொஞ்சம் தளர்ந்து, சந்தியில் நிற்கிறவர்கள்கூடப் பாஸ்போட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிய காலம். நான் துறைமுகக் கிடங்கில் வேலை. சுவீடன் நாட்டுக் கப்பல் ஒன்று இயந்திரம் பழுதாகி எங்கள் உள்துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்றது. அதில் ஓர் இளம் அதிகாரி, நல்ல உயரம், கையில் ஒரு திசைகாட்டியை வைத்துக்கொண்டு பின்னேரங்களில் உப்புவெளிப் பக்கத்துப் பற்றைகளுக்குள் ஓடுவார். அவர் எதையோ தொலைத்துவிட்டார் என்றுதான் சனம் முதலில் நினைத்தது. இரக்கப்பட்டுச் சிலர் கூடவே தேடியும் கொடுத்தார்கள்.

அந்த மனிதர் ஒருநாள் நல்லதொரு நிலப்படம் கேட்டு மச்சானின் கந்தோருக்குப் போயிருக்கிறார். அங்கே தொடங்கிய சிநேகம். காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பும் வெள்ளையுமான சீலைக் கொடிகளைக் கட்டிவிடுவார்களாம். ஓடுகிறவரின் கையில் ஒரு படம், ஒரு திசைகாட்டி. வேறொன்றும் இல்லை. கொடிகளை ஒழுங்குப்படி கண்டுபிடித்து முதலில் திரும்பி வருகிறவருக்கு வெற்றி. அதற்கு ஓரியன்ரியரிங் என்று ஒரு பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் யாருடைய வாய்க்குள்ளும் அடங்கவில்லை. என் மனைவிதான் காட்டோட்டம் என்று வைத்தாள்.

கப்பல் சுகமாகிப் போனபோது அந்த அதிகாரி தன் திசைகாட்டியையும், எந்த நாட்டில் எந்த மாதம் ஓட்டம் என்று அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்தையும் மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பின்னேரமே மச்சான் ஹோலுக்குள் சோக்கோடு வந்தார்.

“அத்தான், சுவீடன், நோர்வே, ஸ்கொட்லாந்து, சுவிற்சர்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா, எல்லா இடமும் நடக்குது. குடும்பம் குடும்பமா வந்து ஓடுறாங்களாம். பிள்ளையளுக்கு வேற, பொம்பிளையளுக்கு வேற. உங்களைப்போல வயசாளியளுக்கும் தனியா ஒரு ஓட்டம் இருக்கு.”

“ஆருக்கு ஐசே வயசு?” என்றேன்.

“ஒரு நாட்டில ஓடி முடிய அடுத்த நாடு. அப்பிடியே உலகத்தைச் சுத்திக்கொண்டு வீட்டை வந்திடலாம்.”

மகளுக்குக் கண் விரிந்துவிட்டது. அவள் அப்போது பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு சோதனை மறுமொழி வரும்வரை வீட்டில் இருந்தவள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்த கால் அவளுடையது.

என் மனைவி அரிசிச் சுளகோடு குசினி வாசலில், அதாவது வடதுருவத்தில், நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “உந்த ஓட்டம் மலாயாவில நடக்குதோ?” என்றாள்.

மச்சான் புத்தகத்தைப் புரட்டினார். “இல்லை அக்கா.”

“அப்ப எனக்குத் தேவையில்லை.” உள்ளே போய்விட்டாள்.

மலாயாவில் இருந்தது அவளுடைய அக்கா. எனக்கு மூத்த மச்சாள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கொஞ்சக் காலத்தில், மலாயா ரெயில்வேயில் வேலைசெய்த ஒருவருக்குக் கலியாணம் முடித்துக் கொடுத்து, கொழும்பில் கப்பலேற்றி அனுப்பினார்கள். அப்போது என் மனைவி பாவாடை கட்டின பிள்ளை, மச்சான் தொட்டிலில். தாய் நேரத்தோடு செத்துப்போனதால் என் மனைவிக்கு எண்ணெய் வைத்துத் தலை இழுத்ததும் சோறு தீத்தியதும் எல்லாம் அந்த அக்காதான். போனவர் போனவர்தான். முதலில் பிள்ளைப்பேறு, பிறகு புருசனின் நோய் வருத்தம், பிறகு இங்கே கெடுபிடி, அங்கே கெடுபிடி. ஒவ்வொரு வருசமும் அடுத்த வருசம் என்று எழுதுவார். கடைசியாக வந்த கடிதங்களில், சலரோகம் என்ற சீனி வருத்தம் வந்து, கண்பார்வை மங்கிக்கொண்டு போவதாக எழுதியிருந்தார். கண் முழுக்க இருளமுன் அக்கா தன் முகத்தை ஒருதரம் பார்த்துவிடவேண்டும். என் மனைவிக்கு உலகத்தில் இருந்த ஆசை அதொன்றுதான்.

ஆகவே எங்கள் திட்டம் எப்படி நடந்ததென்றால், ஒவ்வொரு பின்னேரமும் விளக்கு வைத்துத் தேவாரம் பாடி முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் நிலத்தில் உலகத்தைச் சுற்றியிருந்து புளியங்கொட்டைகளை நகர்த்துவோம். ஓட்டம் நடக்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு கொட்டை. என் மனைவி வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக வருவாள். வந்து, எந்தக் கொட்டையையும் தொடாமல், தன் நெற்றிக் குங்குமத்தைக் கொஞ்சம் தொட்டு மலாயாவில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

“அக்கா, அங்க கொடி ஒண்டும் இல்லை” என்பார் மச்சான்.

“கொடி இல்லாட்டி என்ன? ஆள் இருக்குதெல்லோ.”

எனக்கு இந்தத் திட்டத்தில் வேறொரு இடைஞ்சல் இருந்தது. நான் பெரிதாகப் படித்தவன் அல்ல. எட்டாம் வகுப்போடு வேலைக்குப் போனவன். ஆனால் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியும், அதை நம்புகிறவன். ஒவ்வொரு கிழமையிலும் ஒவ்வொரு திசையில் ஐயனின் சூலம் நிற்கும். ஞாயிறும் வெள்ளியும் மேற்கில். திங்களும் சனியும் கிழக்கில். செவ்வாயும் புதனும் வடக்கில். வியாழன் தெற்கில். அன்றைக்கு அந்தத் திசைக்குப் பயணம் வெளிக்கிடாமல் விடுவது நல்லது. அது பயம் இல்லை. வாசலில் பெரியவர் ஒருவர் நின்றால் அவரை இடித்துக்கொண்டு போகாமல் ஒதுங்கி நிற்கிறோமே, அந்த மரியாதைதான். கட்டாயம் போகத்தான் வேண்டுமென்றால் அதற்கும் கருணை உண்டு. மேற்குக்கு ஒரு துண்டு பனங்கட்டி, கிழக்குக்குத் தயிர், வடக்குக்குப் பால், தெற்குக்கு எண்ணெய். அதை வாயில் வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

மச்சானுக்கு இது பெரிய பகிடி. “அத்தான், முதல் கொடி வடக்கில இருக்கும், அடுத்தது கிழக்கில இருக்கும். கிழமை பார்த்தோ அவங்கள் கொடி கட்டுறது?”

“ஒரு கடிதம் எழுதிப் போடுமன். செவ்வாய்க்கிழமையில வடக்குப் பக்கம் கட்டவேண்டாம் எண்டு.”

“அப்பா பால் போத்தலும் கையுமாத்தான் ஓடுவார்” என்றாள் மகள். “தயிர் முட்டியைத் தலையில வைச்சுக்கொண்டு.”

சிரித்தாலும் எனக்குள் அது ஒரு கேள்வியாகவே நின்றது. மேற்கே மேற்கே என்று போய்க்கொண்டிருந்தால் கடைசியில் கிழக்கால் வந்து ஏறுவோம் என்று மச்சான் நிலத்தில் நடந்து காட்டினார். அப்படியென்றால் நாங்கள் போவது எந்தத் திசை? கோயில் ஐயரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, “எனக்கும் தெரியேல்ல. வெளிக்கிடேக்க ஒரு அருச்சனை செய்துபோட்டுப் போங்கோ. மிச்சத்தை அவர் பார்ப்பார்” என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

உலகம் சுற்றப் போகமுதல் ஊரில் ஓடிப் பழகவேண்டும் என்று மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பாலையூற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பழைய வேட்டியையும் ஒரு சிவப்புச் சீலையையும் கிழித்து மகள் தைத்துக் கொடுத்த கொடிகளை விடியவே போய் மரங்களில் கட்டிவிட்டு வந்திருந்தார். படமும் அவரே கீறினது. ஒவ்வொரு பற்றையும் ஒவ்வொரு கல்லும் அதில் இருந்தது. மகளுக்குத் திசைகாட்டி. எனக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரு படம். முதலாவது கொடி நேர் மேற்கில்.

“இண்டைக்கு ஞாயிறெல்லோ” என்றாள் என் மனைவி. சீலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துப் பனங்கட்டி எடுத்து எல்லாருடைய வாயிலும் ஒவ்வொரு துண்டு வைத்தாள். மச்சானுக்கும் வைத்தாள். அவர் வாய்நிறையப் பனங்கட்டியோடு விசில் ஊத முயன்று ஏலாமல், கையைக் காட்டி எங்களை அனுப்பினார்.

“நான் மற்றப் பக்கத்தால போறன். படம் சரியோ எண்டு பாப்பம்” என்று மகள் கடைசிக் கொடியிலிருந்து தொடங்கி ஓடினாள். நானும் மனைவியும் முதலாவதை நோக்கி நடந்தோம். நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தெருக்கரையில் ஆடு கட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் போய்விட்டாள்.

“பிள்ளை, உந்தப் பக்கத்தில சிவப்பும் வெள்ளையுமா ஒரு சீலை கண்டனீரோ?”

“ஓம் அம்மா. விடிய ஒரு ஆள் வந்து மரமரமாக் கட்டிக்கொண்டு போனவர். அவருக்கு ஏதும் சுகமில்லையோ?”

“என்ர தம்பிதான்” என்றாள் என் மனைவி கவலையோடு.

அந்தப் பெண் ஆட்டை விட்டுவிட்டுத் தானே எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கொடியாகக் காட்டினாள். இடையில் அவளுடைய வீட்டில் எங்களுக்குத் தேத்தண்ணியும் கிடைத்தது. திரும்பி வந்தபோது மச்சான் மணிக்கூட்டைப் பார்த்து வாயைப் பிளந்தார். “அக்கா! இவ்வளவு கெதியாவோ?”

என் மனைவி பெருமையாகக் கையை நீட்டினாள். கொடிகள் அழகாக மடித்தபடி அவள் கையில் இருந்தன.

“ஐயோ அக்கா, அதைக் கழட்டக் கூடாது! கண்டுபோட்டு வாறதுதான்!”

“பின்னை என்னத்துக்கு மினக்கெட்டுத் தேடினது? தேடிக் கண்டதை எடுத்துக்கொண்டு வாறதுதானே முறை? நல்ல வேட்டித் துண்டு, காட்டுக்குள்ள விட்டிட்டு வாறதோ?”

அதற்குள் மகள், இல்லாத கொடிகளைத் தேடிப் பற்றை பற்றையாக அலைந்து, நாங்கள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில், முள்ளுக் கீறின காலும் கோபமுமாக வந்தாள். தாயும் மகளும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஒரேயொரு கொடி மட்டும் என் மனைவிக்கு எட்டாத உயரத்தில், ஒரு பாலை மரத்தில் இருந்தது. அதை நாங்கள் மறந்துவிட்டோம்.

கொஞ்சக் காலம் போய் ஒருநாள் நான் அந்த வழியால் சைக்கிளில் வந்தேன். தெருக்கரையிலிருந்து பார்த்தால், மரத்தடியில் ஒரு கல். கல்லுக்குச் சந்தனப் பொட்டு. இரண்டு செவ்வரத்தம்பூ, எரிந்து முடிந்த கர்ப்பூரக் கரி. வைரவர் ஐயா புதிதாக எழுந்தருளியிருக்கிறார் போலும் என்று சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், தலையை நிமிர்த்திய பிறகுதான் மேலே தொங்கிய சீலையை அடையாளம் கண்டேன். என் பழைய வேட்டி. கரைகூடத் தெரிந்தது. ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு இன்னொருதரம் கும்பிட்டேன். கும்பிட்டதைத் திருப்பி எடுக்க ஏலாதுதானே.

வீட்டில் சொன்னதும் மச்சான் துள்ளினார். “என்ர கொடி! கழட்டிக்கொண்டு வாறன் பாருங்கோ” என்று போனார். வெறுங்கையோடு வந்தார்.

“என்ன மச்சான்?”

“அந்த ஆட்டுக்கார மனுசி. ‘தம்பி, முதல்ல செருப்பைக் கழட்டிப்போட்டுக் கிட்ட வாரும்’ எண்டா. கழட்டினன். ‘கும்பிடும்’ எண்டா.”

“கும்பிட்டீரோ?”

“கும்பிட்டால்தானே விடுவா!”

இப்படிச் சிரிப்பும் புளியங்கொட்டையுமாக நாட்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் மலாயாவிலிருந்து கடிதம் வந்தது. மூத்த மச்சாள் எப்போதும் தன் கையால், உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதுவார். இந்தமுறை தன் மகளைக் கொண்டு எழுதுவித்திருந்தார். ஒரு கண் போய்விட்டது, மற்றக் கண்ணுக்கும் வைத்தியர் ஒன்றும் சொல்கிறாரில்லை. வெளிச்சத்தில் கிட்டப் பிடித்தால் ஆட்களை மட்டுக்கட்டலாம். நீங்கள் உலகம் சுற்றப் போகிறீர்கள் என்று எழுதியது சந்தோசம், எங்களுக்கும் படம் எடுத்து அனுப்புங்கோ, தெரிகிற மட்டும் பார்க்கிறேன் என்று இருந்தது.

எங்கள் மகள் வாசித்து முடித்தாள். என் மனைவி அழவில்லை. கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாதவள்போல அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சாமிப்படத்தடியில் வைத்தாள். அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் கோயிலுக்குப் போவோம் என்றேன். “பாலையூற்றுக்குப் போவம்” என்றாள். எனக்கு விளங்கவில்லை. மச்சான் தன் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு வர, நான் பின்னால் போனேன்.

அவள் நேரே அந்தப் பாலை மரத்தடிக்குப் போனாள். கர்ப்பூரம் கொளுத்தினாள். சத்தமாகவே கேட்டாள்: “அப்பனே, என்ர அக்கா என்ர முகத்தைக் காணவேணும். வேற ஒரு நாடும் எனக்கு வேண்டாம்.”

மச்சான் அவளுக்குப் பின்னால் நெளிந்துகொண்டு நின்றார். “அக்கா,” என்றார் மெல்ல, “அது நான் கட்டின சீலையெல்லோ.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “கட்டினது நீதான். வந்து இருக்கிறது ஆர் எண்டு உனக்குத் தெரியுமோ?”

 திரும்பி வரும்போது மச்சான் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு அந்தப் பெரியக்காவின் முகமே ஞாபகம் இல்லை. அவரையும் தொட்டிலில் ஆட்டிய கை அது என்பது அன்றைக்குத்தான் உறைத்திருக்கவேண்டும்.

எங்கள் ஹோலைக் கிழமைக்கு ஒருதரம் என் மனைவி ஈரத்துணியால் துடைப்பாள். துடைக்கும்போது ஏதாவதொரு நாடு போய்விடும். “அம்மா, நோர்வேயைத் துடைச்சுப்போட்டியள்” என்று மகள் கத்துவாள். மச்சான் கந்தோரால் வந்ததும் சோக்கை எடுத்து, அளந்து, பழையபடி கீறிவிடுவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவர் கீறவில்லை. முதலில் கனடா போனது. பிறகு ஸ்கொட்லாந்து. அடுத்த கிழமை அவுஸ்திரேலியாவின் கீழ்ப்பாதி.  புளியங்கொட்டைகளை மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகரப் பேணிக்குள் போட்டாள். குங்குமப் பொட்டைச் சுற்றித்தான் என் மனைவி எப்போதும் துடைப்பாள், அது நின்றது.

ஒரு பின்னேரம் மச்சான், “அத்தான், சேர்த்து வைச்சிருக்கிற காசில நாலு பேர் சுவீடன் போகேலாது. அது எனக்கு முதலே தெரியும். ரெண்டு பேர் மலாயா போகலாம்” என்றார்.

“பிள்ளை ஆசையா இருந்தவள்...” என்று நான் இழுத்தேன்.

“என்னை ஏன் இழுக்கிறியள்?” என்றாள் மகள். “பெரியம்மாவைப் போய்ப் பாருங்கோ. சுவீடன் எங்கையும் ஓடாது, நான்தான் ஓடவேணும்.” சொல்லிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். நெடுநேரம் தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டது. எங்களுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையிருக்கவில்லை.

மனைவியோடு நான் போகவேண்டும் என்றுதான் மச்சான் சொன்னார். எனக்குக் கிடங்கில் லீவு கிடைக்கவில்லை, பெண்பிள்ளையையும் தனியே விட ஏலாது. அக்காவும் தம்பியும் போவது என்று முடிவானது.

பிறகு ரிக்கற் வந்தது. நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். விமானம் திங்கட்கிழமை. திங்களில் சூலம் கிழக்கு, மலாயாவும் கிழக்கு. அதைப் பிடிக்க ஞாயிறு பின்னேரம் இங்கிருந்து ரெயில் ஏறவேண்டும். ஞாயிறில் சூலம் மேற்கு, கொழும்பும் மேற்கு. எத்தனை பேருக்கு இப்படி இரண்டு பக்கமும் பிடிக்கும்? நாளை மாற்றினால் அடுத்த இடம் இரண்டு மாதம் கழித்துத்தான் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு கண் இரண்டு மாதம் பொறுக்குமோ என்று யாருக்குத் தெரியும்?

நான் பஞ்சாங்கத்தோடு இருந்த இருப்பைப் பார்த்து மச்சான் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. “அத்தான், இதுக்கு ஒரு வழியும் இல்லையோ? இருந்தால் சொல்லுங்கோ, செய்வம்” என்றார்.

வழி இருந்தது. நல்ல நாள் ஒன்றில் பயணப் பெட்டியை முன்னதாகவே வெளிக்கிடுத்தி, போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கியதாகக் கணக்கு. வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்து, மச்சான் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, எங்களுக்கு மேற்கே இருந்த முஸ்லிம் வியாபாரியின் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு அம்மாவுக்கு விசயத்தைச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே தன் பாய்மேல் இடம் ஒதுக்கித் தந்தார். அடுத்த நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “உங்கட பெட்டி நல்ல சுகமா இருக்கு. தேத்தண்ணி குடுக்கட்டோ?” என்று கேட்டார்.

“சீனி குறைச்சுக் குடுங்கோ” என்றாள் என் மனைவி.

இடையில் ஒருதரம் அவள், சட்டை ஒன்று வைக்க மறந்துவிட்டேன், பெட்டியை எடுத்துவரட்டோ என்று கேட்க, நானும் மச்சானும் ஒன்றாகக் கத்தினோம். வெளிக்கிட்ட பெட்டி வீட்டுக்குத் திரும்பக் கூடாது. சட்டைதான் வேலி தாண்டிப் போனது.

திங்கட்கிழமைக்குத் தயிர். கொழும்பில் எங்கே போய் எருமைத் தயிர் தேடுவது என்று மச்சான் கிண்ணியாத் தயிர் முட்டி ஒன்றை வாங்கி, கயிறு போட்டுக் கட்டி, ரெயிலில் மடியில் வைத்துக்கொண்டே போனார். பக்கத்தில் இருந்தவர்கள் தொட்டுவிடாமல் கையால் அணைத்துக்கொண்டு. கும்பிடுகிறவனைப் பார்த்துப் பகிடி பண்ணுவது லேசு. தன் அக்காவுக்கு என்று வந்ததும் அந்த மனிதன் ஒரு முட்டித் தயிரைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போனதை நான் ஸ்ரேசனில் நின்று பார்த்தேன். கோணேசப் பெருமானே, இந்தப் பிள்ளைகளோடு கூடப் போ என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு மாதத்துக்குமேல் வீட்டில் நானும் மகளும். அவள் சமைத்தாள், நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன். போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு தந்தி வந்தது. கண்ணைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மகள் தினமும் தபாற்காரரை வழிமறித்தாள். கடிதம் எதுவும் அவர்கள் வருகிறவரைக்கும் வரவில்லை.

அவர்கள் வந்து இறங்கியபோது மச்சானின் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவர் ஒன்றும் காட்டாமல், “ரப்பர் தோட்டத்துக்குள்ள கொடி கட்டி மருமக்களை ஓடவிட்டனான் அத்தான்” என்று மட்டும் சொன்னார். என் மனைவி வீட்டுக்கு வந்து, குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கதையைத் தொடங்கினாள். 

விமான நிலையத்தில் அக்கா தன் மகளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். எலும்பும் தோலுமாக. இவள் கிட்டப் போகப் போக, அக்காவின் கண் இவளைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்ததாம். பிந்திப்போச்சு என்றே இவள் நினைத்தாளாம். முன்னால் போய் நின்று, “அக்கா, நான் வந்திட்டன்” என்றாளாம். அக்கா கையால் துழாவி இவளுடைய தாடையைப் பிடித்து, கண்ணாடி யன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரிக் கிட்டக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, நல்லாய்ப் பார்த்தாராம். பார்த்துவிட்டு,

“என்னடி இது, வகிடெல்லாம் நரைச்சுப்போய்க் கிடக்குது? தலைக்கு எண்ணெய் வைக்கிறேல்லையோ நீ?” என்றாராம்.

சொல்லிவிட்டு என் மனைவி சிரித்தாள், அழுதாள், திரும்பவும் சிரித்தாள். அவளுடைய நரையைப் பற்றி எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் அன்றைக்குச் சோறு கிடைத்திராது. இப்போது அவள் முன்வீடு, பின்வீடு, மேற்கு வீடு என்று ஒவ்வொன்றாகப் போய், தலையைக் குனிந்து வகிட்டை விரித்துக் காட்டினாள். “இஞ்ச பாருங்கோ, இதைத்தான் அக்கா கண்டவ. இவ்வளவு மெல்லிசான மயிரை.”